நல்ல அரத்தை அடையாளம் காண்பது எப்படி? மொரீஷியஸில் பட்டறை தொடங்குவோருக்கு

பன்னிரண்டு அரங்களை ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம். பெட்டியைத் திறந்தால் எல்லா வடிவமும் இருக்கும். வேலைக்கு ஆகிற அரம் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். அந்தக் காசுக்கு ஒரே ஒரு நல்ல அரம் வாங்கினால் அது நெடுநாள் உழைக்கும். அரத்தைத் தனித்தனியாக, வேலை தெரிந்து, பல்லைப் பார்த்து வாங்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்து, கையில் சொந்தக் கருவி இல்லாமல் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையில் ஒரு வைஸ் (பொருளை இறுகப் பிடிக்கும் இடுக்கி) மாட்டிக்கொண்டு வேலை பழகும் உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நகைப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் உண்டு. மூன்று பேருக்கும் தேவைப்படும் அரம் வேறு வேறு. தேர்ந்தெடுக்கும் முறை மட்டும் ஒன்றுதான்.

முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்

இரும்புப் பட்டை, ஆங்கிள், பிளேட் இவற்றை வெட்டிப் பிசிறு எடுத்துச் சமமாக்கும் பொது வேலைக்கு 10 அங்குலத் தட்டை அரம் ஒன்று, பாஸ்டர்டு என்ற முரட்டுப் பல் ரகத்தில் வாங்குங்கள். அதன் கூடவே 8 அங்குலத் தட்டை அரம் ஒன்று, அதைவிட நயமான ‘செகண்ட் கட்’ ரகத்தில். மூன்றாவதாக ஓர் அரைவட்ட அரம். துளையின் உட்புறம், வளைவு, மூலை எல்லாவற்றுக்கும் அது போதும். தொடக்கத்துக்கு இந்த மூன்றுக்கு மேல் வேண்டாம். வட்ட அரம், சதுர அரம், முக்கோண அரம் எல்லாம் அந்தந்த வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். வராத வேலைக்கு வாங்கிய அரம் மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். இந்தத் தீவின் காற்றில் அதற்கு அதிக நாள் ஆகாது.

வாங்கும்போது முடிந்தால் ஒரு விளிம்பில் பல் வெட்டாத அரமாகக் கேளுங்கள். அதைச் சேஃப் எட்ஜ் என்பார்கள். செங்கோணமான உள்மூலையில் ஒரு பக்கத்தை அராவும்போது மறுபக்கத்தைக் கடிக்காமல் இருக்க அந்த வழுவழுப்பான விளிம்பு வேண்டும். சாதாரணத் தட்டை அரத்துக்கு இரு விளிம்பிலும் பல் இருக்கும். ஹேண்ட் ஃபைல் என்று தனியாக விற்பதில் ஒரு விளிம்பு வெறுமையாக இருக்கும்.

பல் வெட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒரே திசையில் சாய்வாக வரிவரியாக வெட்டியிருந்தால் ஒற்றை வெட்டு. அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை ஓடினால் இரட்டை வெட்டு. இரட்டை வெட்டு உலோகத்தை வேகமாகத் தின்னும், பரப்பு சொரசொரப்பாக நிற்கும். ஒற்றை வெட்டு மெதுவாகப் போகும், பரப்பு வழவழப்பாக வரும். இரும்பைக் குறைக்க இரட்டை, கத்திக்கும் வெட்டுக் கருவிக்கும் கூர் ஏற்ற ஒற்றை என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தவறாது. மில் ஃபைல் என்ற பெயரில் வருவது ஒற்றை வெட்டுத் தட்டை அரம். கூர் தீட்டத்தான் வேண்டும் என்றால் நேராக அதையே கேளுங்கள்.

ரகத்தோடு நீளத்தையும் பாருங்கள்

எங்கள் பட்டறைக்கு வந்த புதுப் பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, ஸ்மூத் என்றுதான் பதித்திருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன செகண்ட் கட்டைவிட நயமாக ஒன்றும் தேய்க்கவில்லையே?”

“எத்தனை அங்குலம் என்று பார், தம்பி.”

அவன் கையில் இருந்தது 14 அங்குலம். மேசையில் கிடந்தது 6 அங்குலம்.

ரஃப், பாஸ்டர்டு, செகண்ட் கட், ஸ்மூத், டெட் ஸ்மூத் என்பது முரட்டிலிருந்து நயத்துக்குப் போகும் வரிசை. ஆனால் அரம் நீளமாக ஆக, அதே ரகத்துக்குள்ளேயே பல் பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் “ஒரு ஸ்மூத் கொடுங்கள்” என்று கடையில் கேட்டால் அது பாதிக் கேள்விதான். “8 அங்குலம், ஸ்மூத்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகை வேலைக்கும் நுண்வேலைக்கும் வரும் சுவிஸ் வகை அரங்களில் இந்தப் பெயர்கள் இருக்காது, எண் இருக்கும். 00 முரடு, 2 நடுத்தரம், 4, 6 என்று ஏற ஏற மினுக்கு வேலைக்கானவை.

கடையில் கேட்கும் விதம்

இங்கே கடைப் பலகை பிரெஞ்சு, பேச்சு கிரியோல், பொட்டலத்தின்மேல் எழுத்தும் பல நேரம் பிரெஞ்சு. அரம் என்றால் லீம். பாஸ்டர்டு பாத்தார்த், செகண்ட் கட் தெமி-தூஸ், ஸ்மூத் தூஸ். அரைவட்டம் தெமி-ரோந்த், முக்கோணம் தியெர்-ப்வேன். ராப் என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள், அது மரத்துக்கான முரட்டு அரம். தனித்தனிப் புள்ளியாகப் பல் துருத்திக்கொண்டிருக்கும். இரும்பில் போட்டால் ஒரே நாளில் பல் போய்விடும்.

போர்ட் லூயிஸில் மத்தியச் சந்தையையும் சீனர் பகுதியையும் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் பழைய இரும்புச் சாமான் கடைகளை முதலில் பாருங்கள். அங்கே அரத்தைத் தனியாகக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். ஆலைகளுக்குச் சரக்கு கொடுக்கும் விற்பனையாளர்கள் பிளேன் லோசான், கொரொமாண்டெல் போன்ற தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பார்கள். அவர்களிடம் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் அரத்தின் பெயரையும் அளவையும் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். பெரிய வணிக வளாகத்தில் தோட்டச் சாமானும் பெயிண்டும் விற்கும் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நான் முதலில் சொன்ன பெட்டிதான்.

கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஓர் அரத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளிச்சம். அரத்தை வாசல் பக்கம் நீட்டி, கண் மட்டத்தில் வைத்து, மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான பல்லின் முனையில் ஒளி தங்க இடமில்லை, அதனால் பரப்பு முழுதும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். எங்காவது மினுக் மினுக்கென்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே பல் மழுங்கியோ உடைந்தோ இருக்கிறது. புது அரத்தில் இது எப்படி வரும் என்று கேட்கலாம். தகர டப்பாவில் பத்து அரங்களை ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் வரும். அரமும் அரமும் உரசினால் இரண்டுக்குமே பல் போகும். அதனால்தான் எண்ணெய்த் தாளிலோ உறையிலோ தனியாகச் சுற்றி வைத்திருப்பதை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து வரிசை. பல் வரிகள் ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில், விளிம்பு வரை போய் முடிகின்றனவா? மட்டமான அரத்தில் நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் இருக்கும். ஓரத்தில் பல் இல்லாத அரம் மூலைக்கு உதவாது.

மூன்றாவது நேர். அரத்தின் அடியிலிருந்து நுனி வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நடுவில் இலேசாக வயிறு தள்ளியிருந்தால் அது குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். கை முன்னும் பின்னும் போகும்போது இயல்பாகவே சற்று ஆடும். அந்த வயிறு இருப்பதால்தான் பரப்பின் நடுப்பகுதியை மட்டும் தேய்க்க முடிகிறது. முறுக்கிக்கொண்டிருந்தாலோ இரு பக்கமும் குழிந்திருந்தாலோ வைத்துவிடுங்கள். கடினப்படுத்தும்போது சூட்டில் ஒரு பக்கம் கொஞ்சம் உள்வாங்கிப்போவது உண்டு. மறுபக்கம் நன்றாக இருந்தால் வாங்கலாம்.

நான்காவது ஒலி. கைப்பிடி மாட்டும் வாலை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, ஒரு சாவியால் தட்டுங்கள். கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். மொத்தென்று அடங்கினால் எங்கோ மயிரிழை வெடிப்பு இருக்கலாம்.

ஐந்தாவது கடி. பையில் ஒரு சாதாரண போல்ட் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, அதன் தலைமேல் ஒரே ஒரு முறை அரத்தை இலேசாகத் தள்ளுங்கள். நல்ல அரம் உடனே பிடிக்கும். அந்தப் பிடிப்பு உள்ளங்கைக்குத் தெரியும். வழுக்கிக்கொண்டு போனால் வேண்டாம். சிலர் இதற்கு விட மாட்டார்கள். அப்போது கட்டைவிரல் நகத்தின்மேல் மிக இலேசாக ஓட்டிப் பாருங்கள், நகம் தூளாக உதிர வேண்டும். பல்லை விரல் நுனியால் தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். கையிலுள்ள எண்ணெயும் வியர்வையும் பல்லில் ஏறினால் அரம் வழுக்கும், பிறகு துரு வரும்.

நல்ல அரத்தின் வால் பகுதி உடலைப் போல இறுகியிருக்காது, மென்மையாக விடப்பட்டிருக்கும். பெரும்பாலும் நிறத்திலேயே வேறுபாடு தெரியும். வாலும் கடினமாக இருந்தால் கைப்பிடிக்குள் பட்டென்று முறியும்.

பெயரைப் பார்த்து வாங்குவது

நம் ஆட்களுக்குப் பழக்கமானது ஜே.கே. ரேமண்ட் குழுமத்தைச் சேர்ந்த அரம் அது, ரத்னகிரியில் தொழிற்சாலை உண்டு. பொதுப் பட்டறை வேலைக்கு நம்பலாம் என்பது என் கருத்து. நிக்கல்சன் 1864இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய பழைய பெயர். இப்போது உற்பத்தி மெக்சிகோவுக்குப் போய்விட்டது. பழைய அமெரிக்க முத்திரையோடு எங்காவது உபயோகிக்காத நிக்கல்சன் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பாக்கோ ஸ்வீடன் பெயர், அரங்கள் போர்ச்சுகலில் தயாராகின்றன. ஜெர்மனியின் ஃபெர்ட், டிக் இரண்டும் உயர்தரம், விலையும் அப்படியே. நகை வேலைக்குச் சுவிட்சர்லாந்தின் வல்லோர்ப் அரங்களைக் கேளுங்கள்.

பெயர் எதுவானாலும் போலி வரும். பெயர், நீளம், ரகம் ஆகியவை எஃகிலேயே அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டுத்தாளை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். உறையில் ஐ.எஸ். 1931 அல்லது ஐ.எஸ்.ஓ. 234 என்ற தர எண் இருந்தால் நல்ல அறிகுறி. இருந்தாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

கரும்புக் கத்திக்குக் கூர் ஏற்றுவது

இந்த ஊரில் அரத்துக்கு மிகப் பழைய வேலை இதுதான். ஜூன் வாக்கில் அறுவடை தொடங்கி டிசம்பர் வரை போகும். இயந்திரம் நுழையாத வயல்களில் இன்னும் கையால்தான் வெட்டுகிறார்கள். சாப் என்று கிரியோலில் சொல்லும் நீளக் கத்தி அது. எரிமலைக் கல் நிறைந்த மண். பொறுக்கியெடுத்த கருங்கற்களை வயல் நடுவே மேடு மேடாகக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரும்பை அடியோடு ஒட்ட வெட்டினால்தான் சர்க்கரை வீணாகாது. அப்படி வெட்டும்போது கத்தி கல்லில் படாமல் போவது அரிது.

இந்தக் கத்தியின் கடினம் ராக்வெல் சி அளவில் பொதுவாக 50 அல்லது அதற்குக் கீழே. அரம் 60க்கு மேல். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் அரம் சுகமாக வெட்டும். மண்வெட்டி, கோடரி, தோட்டக் கத்தி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சமையலறைக் கத்திக்குப் பொருந்தாது. அது இன்னும் கடினமானது, விளிம்பு மெல்லியது. அதற்குச் சாணைக்கல்தான் சரி. ஜப்பானியக் கத்தியில் அரத்தை வைத்தால் கத்தியும் கெடும், அரமும் கெடும்.

கத்தியை முதலில் கழுவித் துடையுங்கள். கரும்புச் சாறும் மண்ணும் காய்ந்து ஒட்டியிருக்கும், அந்த மண்ணிலுள்ள மணல் புதுப் பல்லைத் தின்றுவிடும். பிறகு கத்தியைப் பலகையின்மேல் படுக்கவைத்து, வாய்ப்பக்கம் சற்று வெளியே நீட்டியிருக்கும்படி கிளாம்ப் போடுங்கள். காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தீட்டுகிறவர்கள் உண்டு, நீங்கள் அதைப் பழக வேண்டாம். கையுறை போடுங்கள்.

கல்லில் பட்டு மடங்கிய இடங்களைத் தேடுங்கள். அடிபட்ட இடத்தில் எஃகு இறுகிப்போயிருக்கும். நல்ல அரத்தை அங்கே நேராக வைத்தால் கீச்சென்று வழுக்கும். முதலில் ஒரு பழைய அரத்தால் அந்த இடத்தை மட்டும் தட்டையாக்கி விடுங்கள். இதற்காகவே தேய்ந்த அரத்தை எறியாமல் வைத்திருக்க வேண்டும். அதன்பின் மில் ஃபைலை எடுத்து, பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை சாய்வில், பிடியிலிருந்து நுனி நோக்கி, நீளமாகத் தள்ளுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுத்தால் பல்லின் முதுகு தேயும். புதியவர்கள் அரத்தை வீணாக்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

சாய்வு சரியாகப் போகிறதா என்று தெரியவில்லையா? விளிம்பில் ஒரு மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு முறை தேயுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் அரம் படுகிறது. விளிம்பு வரை அழிய வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் ஒரு பிசிறு புரளும். நகத்தைக் கத்தியின் முதுகிலிருந்து விளிம்பு நோக்கி இழுத்தால் தட்டுப்படும். நீளம் முழுதும் அது வந்ததும் கத்தியைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்தையும் அதே சாய்வில் தேயுங்கள். கடைசியாக இரு பக்கமும் மாற்றி மாற்றி, அரத்தின் கனம் மட்டும் படும்படி சில தள்ளல்கள். பிசிறு உதிர்ந்துவிடும். இந்தக் கத்திக்கு அதற்குமேல் மினுக்கு வேண்டாம். சவர அலகு போல மெல்லிசாக்கினால் முதல் கல்லிலேயே மடங்கும்.

சங்கிலி ரம்பம்

புயல் காலம் வந்தால் சாய்ந்த மரங்களை அறுக்க எல்லோரும் சங்கிலி ரம்பத்தைத் தேடுவார்கள், அப்போது அதன் அரம் கடையில் தீர்ந்துவிடும். முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இது ஒரே பருமனில் இருக்கும் வட்ட அரம். அளவு சங்கிலியைப் பொறுத்தது. 3/8, .325 என்பவை சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளியை அங்குலத்தில் சொல்லும் எண்கள். வீட்டு உபயோகச் சிறு ரம்பங்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் சங்கிலிக்கு 4.0 மி.மீ., .325 சங்கிலிக்கு 4.8 மி.மீ., பெரிய 3/8 சங்கிலிக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. ரம்பத்தின் குறிப்பேட்டில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை.

பொன் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

6 அங்குல அரைவட்ட அரம் ஒன்று, எண் 2. மோதிரத்தின் உள்வட்டத்துக்கு அதுவே பிரதானம். பிறகு ஊசி அரங்கள். இவற்றை மட்டும் செட்டாக வாங்கலாம், ஏனென்றால் எல்லா வடிவத்துக்கும் வேலை வரும்; ஆனால் நல்ல பெயரில், எண் 2 அல்லது 4இல் வாங்குங்கள். வைரத்தூள் பூசிய மலிவு ஊசி அரங்களைப் பொன்னில் போடாதீர்கள், கீறல் ஆழமாக விழும். அவை கடினப்படுத்திய எஃகுக்கானவை.

பொன்னுக்கும் வெள்ளிக்கும் உபயோகிக்கும் அரத்தை ஈயம் கலந்த பற்றாசு பட்ட எதிலும் வைக்கக் கூடாது. பல்லிடுக்கில் தங்கிய ஈயத்துகள் நகையில் ஒட்டிக்கொண்டு, சூடு காட்டியதும் உலோகத்தை அரித்துக் குழியாக்கிவிடும். அந்த அரங்களின் கைப்பிடிக்கு வேறு வண்ணம் பூசி, வேறு டப்பாவில் வையுங்கள். பித்தளைக்கும் இரும்புக்கும்கூட இப்படிப் பிரித்து வைப்பது நல்லது. புது அரத்தை முதலில் பித்தளைக்கு ஓட்டுங்கள். கொஞ்சம் கூர் மங்கி அது பித்தளையில் வழுக்கத் தொடங்கும்போது இரும்புக்கு மாற்றலாம். இரும்பில் அதற்கு இன்னும் பல நாள் உழைப்பு இருக்கும். தலைகீழாகச் செய்ய முடியாது.

கைப்பிடி, சுத்தம், துரு

கைப்பிடி இல்லாமல் அரத்தைத் தொடவே வேண்டாம். அரம் திடீரென்று எதிலாவது முட்டி நின்றால் வால் உள்ளங்கைக்குள் போகும். கடைக் கைப்பிடி கிடைக்காவிட்டால் சீனக் கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி நன்றாக உலரவிடுங்கள். காடெல்லாம் பரவிக் கிடக்கும் அந்த மரம் கெட்டியானது. வாலின் அகலத்துக்கு ஏற்பப் படிப்படியாகத் துளை போட்டு, வாலை உள்ளே விட்டு, கைப்பிடியின் பின்புறத்தைப் பலகையில் தட்டுங்கள்; அரம் தானே இறங்கும். அரத்தின் தலையில் சுத்தியலால் அடித்தால் உடையும்.

அலுமினியம் அராவும்போது பல் அடைத்துக்கொள்ளும். அடைத்த துகள் பரப்பில் ஆழக் கீறும். தொடங்குமுன் சாக்பீஸைப் பல்லில் தேய்த்துக்கொண்டால் அடைப்பு குறையும். அப்படியும் அடைத்தால் கம்பித் தூரிகையால் பல் வரியின் போக்கிலேயே தேயுங்கள். தூரிகைக்கும் வராத துகளை ஒரு பித்தளைத் தகட்டின் முனையால் நெம்பி எடுக்கலாம். வேலை முடிந்ததும் சாக்பீஸ் தூளை விட்டுவைக்காதீர்கள், அது ஈரத்தை இழுக்கும்.

கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று, கியூர்பீப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓயாத தூறல். இரண்டுமே அரத்துக்கு எமன். தூரிகை போட்ட பிறகு, இலேசாக எண்ணெய் ஒற்றிய துணியில் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டால் நல்லது. எண்ணெயை ஊற்றி ஊறவைக்க வேண்டாம். அடுத்த நாள் வழுக்கும், தூளும் ஒட்டும். துருப்பிடித்த பழைய அரம் கிடைத்தால் வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டு, தூரிகையால் தேய்த்து, சோடா உப்புக் கரைத்த நீரில் கழுவி, உடனே காயவைத்துப் பாருங்கள். பல் மிச்சம் இருந்தால் பிழைக்கும்.

வெல்டிங் செய்த இடத்தின் கறுப்புப் பொருக்கு, வார்ப்பிரும்பின் மணல் தோல், கடினப்படுத்திய எஃகு: இந்த மூன்றின் மேலும் நல்ல அரத்தை வைக்காதீர்கள். முதல் இரண்டையும் கிரைண்டரால் எடுத்துவிட்டுப் பிறகு அரத்துக்கு வாருங்கள்.

ஊரிலிருந்து புறப்படும் முன் இதைப் படிக்கிறவர்கள் சென்னையில் பாரிமுனைப் பக்கம், செம்புதாஸ் தெருக் கடைகளிலேயே மூன்று அரங்களையும் வாங்கிக்கொண்டு வரலாம். தேர்வும் அதிகம், விலையும் குறைவு. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி, விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கைப்பிடிகளை இங்கே வந்து மாட்டிக்கொள்ளலாம்.